அமாவாசையில் பார்த்த வீடு

என் மனைவிக்கு இழுப்பு வந்தால் முதலில் தோள் மேலே ஏறும். பிறகுதான் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். சத்தம் வரட்டும் என்று இருந்தால் தாமதமாகிவிடும். அதனால் நான் தோளைத்தான் பார்ப்பேன். சோறு போடும்போது பார்ப்பேன், துணி காயப்போடும்போது பார்ப்பேன். அவளுக்கு அது பிடிக்காது.

"இன்னாத்துக்கு மொறைக்கிற? கண்ணாலம் ஆன புதுசுல கூட இப்டி பாக்கல நீ."

வடசென்னையில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டி எங்கள் வாடகை வீடு இருந்தது. கண்டெய்னர் லாரிகள் வாசலைத் தாண்டியும் வரிசையில் நிற்கும். இஞ்சினை அணைக்க மாட்டார்கள். எப்போது நகரும் என்று அவர்களுக்கே தெரியாது. காலையில் துடைத்த ஜன்னல் கம்பி மதியத்துக்குள் கறுத்துவிடும். நான் ஆட்டோ ஓட்டினேன். நாள் முழுக்க அந்தப் புகையில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள் இருந்த அவளுக்கு ஆனது.

ஒருநாள் மதியம் சாப்பிட வந்திருந்தேன். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தது எங்கள் நல்ல நேரம். அவள் தட்டை வைத்தாள். தோள் ஏறியது. இழுப்புக்கு டாக்டர் கொடுத்திருந்த மருந்து பம்ப்பை எடுத்து வாயில் அடித்தாள். நிற்கவில்லை. மறுபடி அடித்தாள். நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி பக்கம்தான். முனையில் திரும்பினேன். சாலை முழுக்க லாரி. ஆட்டோ நுழையக்கூட சந்து இல்லை. அந்தக் கடைசியில் ஆஸ்பத்திரியின் பச்சை போர்டு தெரிகிறது. ஹாரன் அடித்தேன். முன்னால் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்துக் கையை விரித்தார். அவர் என்ன செய்வார், அவருக்கு முன்னாலும் லாரிதான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். டயர்களுக்கு நடுவில் நடந்தேன். பின்னால் வந்த மகள், "நைனா, ஒதடு நீலமா ஆவுது" என்றாள். நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று தெரியும். போர்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். என்னைத்தான் அது விடவில்லை. போன் அடித்தால் வீட்டிலிருந்தா என்றுதான் முதலில் பார்ப்பேன். பாலம் தாண்டிப் போகிற சவாரி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஸ்டாண்டில் சிரித்தார்கள்.

"இன்னா தலைவா, பொண்டாட்டிய சுத்தியே பிரதட்சணமா?"

நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இந்த இடத்தை விட்டுக் காற்று நல்லா இருக்கிற ஊருக்குப் போய்விடுங்கள் என்றார். எழுந்து வாசல்வரை வந்ததும், ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்திலேயே இருங்கள் என்றார். காற்று இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரி தூரம். ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் காற்று இல்லை. அவரிடம் இதைக் கேட்பதற்குள் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

செஞ்சி என்று ஆரம்பித்தது என் மனைவிதான். அவள் தங்கையை அங்கே கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒரு வாரம் இருந்தபோது பம்ப்பைப் பையை விட்டு எடுக்கவே இல்லை என்றாள்.

"சின்ன ஊர்தான். ஆனா எல்லாம் இருக்குது. பஸ்ஸு இருக்குது, ஸ்கூலு இருக்குது. நீ ஆட்டோ ஓட்டேன், யார் வேணான்னது?"

"ஆஸ்பத்திரி?"

"இருக்குது."

"ராவுல டாக்டர் இருப்பாரா? ஆக்சிஜன் இருக்குமா? முடியலன்னா எங்க அனுப்புவாங்க?"

"நீ இன்னா, என்னைக் கொண்டுபோயி படுக்கவெக்கவே ஊர் பாக்குறியா?"

எனக்கு இருந்தது ஆஸ்பத்திரிக் கேள்விதான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் திண்டிவனமோ விழுப்புரமோ போக வேண்டும். அந்த ரோடு எனக்கு நினைப்பிலேயே ஓடும். நடுவழியில் அவள் தோள் ஏறுவது போலவும் நான் ஓட்டிக்கொண்டே இருப்பது போலவும் தெரியும். இங்கே இருந்தாலும் பயம், அங்கே போனாலும் பயம். இங்கே இருக்கிற பயம் பழகியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் அப்போது பத்தாவது முடித்திருந்தாள். மாறுவதானால் அந்த வருஷமே மாற வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது. எல்லாம் சேர்ந்து நெருக்கியது.

மேல்மலையனூர் அம்மனுக்கு அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அமாவாசைக்கு சென்னையிலிருந்து தனி பஸ் விடுவார்கள். செஞ்சி வழியாகத்தான் போகும். கோயிலுக்குப் போகிறோம், திரும்பும்போது வீடும் பார்த்துவிடலாம், இரண்டு வேலையும் ஒரே நாளில் முடியும் என்றாள். சரி என்றேன்.

கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. எங்கே பார்த்தாலும் கற்பூரம். புகை கண்ணைக் கரித்தது. நான் சாமியைப் பார்க்கவில்லை. அவள் தோளைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தேன். சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். தோள் ஏறவில்லை. வெளியே வந்து இளநீர் குடித்தாள்.

"பாத்தியா, இம்மாம் பொகைல ஒண்ணும் ஆவல. ஆத்தா சொல்லிட்டா. வான்னு சொல்லிட்டா."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

மதியம் செஞ்சி வந்தோம். ஊரைச் சுற்றி மலை. மண் மலை இல்லை. பாறை மேல் பாறையாக, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. மேலே ஒரு பாறை விழப்போகிற மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. நான் அதையே பார்த்தேன்.

"இம்மாம் காலம் வுழாதது, நீ வந்து எறங்குன ஒடனே உன் தல மேலதான் வுழணும்னு காத்துனு இருந்துச்சா?" என்றாள்.

தங்கை வீட்டுக்காரர் எங்களைக் கூட்டிப்போனார். எனக்கு சகலை. கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் ஏலம் விடுகிற இடத்தில், மூட்டை தூக்குகிறவர். அன்றைக்குக் கமிட்டி லீவு. அதனால்தான் கூட வர முடிந்தது.

வீடு நன்றாக இருந்தது. இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். அதற்குப் பின்னால் உயரமான மதில். மதிலுக்கு மேலே ஒரு பழைய சிம்னி தெரிந்தது. புகை இல்லை. சத்தம் இல்லை. வீட்டுக்காரப் பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாயில் விரலை வைத்து விசில் அடித்துத்தான் பேரனைக் கூப்பிட்டார்.

"தண்ணி எந்நேரமும் வரும். ஆஸ்பத்திரி தோ, கூப்புடு தூரம். இன்னா வோணும் வேற?"

என் மனைவி பின்னால் போய் நின்று மூச்சை இழுத்து விட்டாள். மறுபடி இழுத்தாள். அவள் அப்படி ஆழமாக இழுத்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"மூக்குல எதுவுமே ஒட்டல" என்றாள்.

அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டோம். நிறைந்த அமாவாசை, நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக்கூடாது என்று சகலையும் சொன்னார்.

சென்னைக்கு வந்து வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னேன். அந்த வாரமே வேறு ஆளுக்குப் பேசிவிட்டார்கள். என் ஆட்டோவுக்கு சென்னை பர்மிட். செஞ்சியில் ஓட்ட முடியாது. அதை விற்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் முனையில் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். பயம் மறுபடி வந்தது. இப்போது அவள் தோள் ஏறினால் தூக்கிப்போட வாசலில் வண்டி இல்லை. அந்தச் சில நாளும் நான் எங்கேயும் போகவில்லை. கடைக்குக்கூட மகளை அனுப்பினேன்.

பிறகு ஒரு முகூர்த்த நாளில் பால் காய்ச்சப் போனோம். சாமான் எல்லாம் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஸ்டவ், ஒரு பாத்திரம், மஞ்சள், குங்குமம், சாமி படம், இவ்வளவுதான் கையில். காலையில் சகலை வீட்டிலிருந்து கிளம்பினோம். தங்கையும் வந்தாள்.

பால் பொங்கி வந்தது. கிழக்குப் பக்கம் வழிந்தது. தங்கை குலவை போட்டாள். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெல்ட் சுற்ற ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. தட தட என்று தரை அதிர்ந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ லாரி என்று நினைத்தேன். லாரி எங்கே இங்கே என்றும் நினைத்தேன்.

மகள்தான் பாலைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாமா இது, பால்ல உமி மெதக்குது?"

வென்டிலேட்டர் வழியாக வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். தூசி பெய்துகொண்டிருந்தது. மழை மாதிரி, நிதானமாக.

திரும்பினேன். அவள் தோள் காதுவரை ஏறியிருந்தது.

பம்ப்பை அடித்தாள். வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வெளியே இன்னும் மோசம். மதிலுக்கு மேலே சிம்னி கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது. உமிச் சாம்பல் திட்டுத் திட்டாக வாசல் கோலத்தின் மேல் விழுந்தது. அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பேச வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. வண்டி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. விற்றுவிட்டேன். இது என் ஊரும் இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட எனக்குத் தெரியாது.

"அண்ணா, ஏறு!" என்று சகலை பைக்கை உதைத்தார்.

நடுவில் அவளை வைத்துப் பின்னால் நான் உட்கார்ந்து அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் முதுகு என் நெஞ்சில் இருந்தது. உள்ளே விசில் அடித்தது. பிறகு விசிலும் குறைந்தது. குறைவது நல்லதில்லை. காற்று போகாவிட்டால் சத்தமும் வராது. அது எனக்குத் தெரியும். சகலையிடம் சொல்லவில்லை.

குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்தப் பச்சை போர்டு கண்ணுக்குள் வந்து நின்றது. சகலை பிரேக் பிடிக்கவே இல்லை. "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டே போனார். ஆடுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. வண்டி ஆஸ்பத்திரி படிக்கட்டுக்குக் கீழேதான் நின்றது.

வாசலிலேயே ஒரு நர்ஸம்மா பார்த்துவிட்டார். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. நேராகக் கட்டிலில் உட்காரவைத்து மூக்கில் மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டார். வெள்ளையாக ஆவி வந்தது. டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோளையே பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஊருக்குப் புதுசா?" என்று நர்ஸம்மா என்னைக் கேட்டார்.

"இன்னைக்குத்தான் பால் காய்ச்சினோம்."

"நல்ல நாள் பாத்தீங்க போங்க. நீங்க உக்காருங்க மொதல்ல, உங்க மொகம்தான் பேஷண்ட் மாதிரி இருக்குது."

சென்னையில் நான் பயந்தது இந்த ஆஸ்பத்திரியை நினைத்துத்தான். இந்த ஊர்க் காற்றை நினைத்து ஒரு நிமிஷமும் பயப்படவில்லை. எல்லாம் தலைகீழாக வந்து நின்றது.

வெளியே வேப்பமரத்தடியில் சகலையிடம் கேட்டேன்.

"அது ரைஸ் மில்லுன்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். கமிட்டி மூட்டையத் தெனிக்கும் அங்கதான எறக்குறேன்."

"ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

"லாரிப் பொகை ஆவாதுன்னுதான அண்ணா சொன்னீங்க? மில்லு ஆவாதுன்னு சொல்லலியே. மில்லு இல்லாத தெரு செஞ்சில ஏது?"

வீட்டுக்காரப் பெரியவரும் செய்தி கேட்டு வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"அன்னைக்கு வந்து பாத்துட்டுத்தான சரின்னீங்க?"

"அன்னைக்கு மில்லு ஓடல."

"அமாவாசைக்கு எவன்பா மில்லு ஓட்டுவான்? மிஷினுக்குப் பொட்டு வெச்சிப் படைச்சிட்டுப் பூட்டிட்டுப் பூடுவாங்க."

எனக்குத் தெரியாத விஷயமா இது. சென்னையிலும் அமாவாசைக்குக் கொத்தனார் வேலைக்கு வரமாட்டார். பட்டறை மூடியிருக்கும். நானே அன்றைக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுகிறவன். சகலை கூட வந்ததே கமிட்டி லீவு என்பதால்தான். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நாளில் போய் நின்று, இந்த ஊரில் மூச்சு விட முடிகிறது என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். பெரியவர் அதை அப்படியே திருப்பித் தந்துவிட்டார். நல்ல மனுஷன்.

உள்ளே போனேன். அவள் மாஸ்க்கோடு சாய்ந்திருந்தாள். மகள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"திரும்பிப் பூடலாம்" என்றேன். "எங்கனா ஒரு வீடு பாக்குறேன். தெரிஞ்ச ஊரு. தெரிஞ்ச ஆஸ்பத்திரி."

அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அங்க லாரிங்க நடுவுல என்னைத் தூக்கினு நடந்தியே. இன்னொருக்கா நடப்பியா?"

நான் மெஷினைப் பார்த்தேன்.

"இங்க எத்தினி நேரத்துல வந்தோம்?"

"சீக்கிரம்தான் வந்துட்டோம்."

"மில்லுக்குக் காலு இல்ல. அது இருக்குற எடத்துலயேதான் இருக்கும். நாம தள்ளிப் பூடலாம்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "லாரிக்குக் காலு இருக்குது. எங்க போனாலும் வரும்."

"அம்மா, பேசாத. மாஸ்க்கப் போடு" என்றாள் மகள்.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். கண்ணால் என்னைக் கேட்டாள். எனக்கு இரண்டு ஊரும் வேண்டாம் என்றிருந்தது. அப்படி ஒரு வழி இல்லை. தலையை ஆட்டினேன்.

அவளையும் மகளையும் தங்கை வீட்டில் விட்டேன். அது மில்லுக்குத் தூரம். சாமான் எல்லாம் வந்து அவர்கள் வராந்தாவில் குவிந்து கிடந்தது. நான் வீடு தேடினேன். இந்தத் தடவை கண்ணை நம்பவில்லை. வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்து எடுத்துக்கொண்டு போவேன். வீடு பிடித்திருந்தால், இதைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை பின்பக்கம் கொடியில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்பேன். ஈரத் துணியில் தூசி ஒட்டிக்கொள்ளும். வேலை நாளாகப் பார்த்துத்தான் போடுவேன். அமாவாசை அன்றைக்கு வீட்டை விட்டே நகரமாட்டேன்.

"வூடு பாக்க வந்தியா, துணி தோய்க்க வந்தியா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

ஒரு வீட்டில் துண்டு சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு வீட்டில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. பக்கத்தில் கல் உடைக்கிறார்கள். ஒரு வீட்டில் அடுப்புக் கரி. கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் சாயங்காலம் போனால் துண்டே இல்லை. வீட்டுக்காரர் மேலே கையைக் காட்டினார். பாறை மேல் ஒரு குரங்கு அதைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா, அதுவே உன் துண்டைப் போட்டுப் பாத்துனு இருக்குது" என்றார்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வந்தது. மறுநாள் அதே வீட்டில் வேறு துண்டு கொண்டுபோய்ப் போட்டேன். கிளிப்பு நாலு போட்டேன். சாயங்காலம் எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு எறும்பு ஊர்ந்தது. வேறு எதுவும் இல்லை. நம்ப முடியாமல் அடுத்த நாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும் போட்டேன். பிறகுதான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அங்கே பால் காய்ச்சியது ஒரு வியாழக்கிழமை. நாள் பார்க்கவில்லை. கமிட்டிக்கு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஊரில் எல்லா மில்லும் ஓடியது. காதைக் கூர்மையாக்கினால் தூரத்தில் லேசாகக் கேட்டது. வாடகைக்கு எடுத்த ஆட்டோ வாசலில் ஆஸ்பத்திரிப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. தை மாதம் அறுப்பு வரும். நெல் நிறைய வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பால் பொங்கியது. மகள் முதல் டம்ளரை எடுத்தாள். குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல நைனா" என்றாள். பிறகு குடித்தாள்.

என் மனைவி எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். டம்ளருக்கு மேலே அவள் தோளைப் பார்த்தேன்.

"ஆரம்பிச்சிட்டியா? பாலைக் குடி" என்றாள்.

குடித்தேன். பார்த்துக்கொண்டேதான் குடித்தேன்.